அன்ஃபித்ரியா: வீட்டுக்காரம்மாவா, விருந்து வைப்பவரா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். போர்த்துகல் நாட்டு நகரமான போர்த்தோவில் முதுகலை படிக்கப் போகிறீர்கள். அறை தருகிற அம்மாள் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய மின்னஞ்சலில் தன்னை ‘அன்ஃபித்ரியா’ என்று குறிப்பிட்டிருக்கிறார். கைபேசிச் செயலி அதைத் தமிழில் ‘தொகுப்பாளினி’ என்று காட்டுகிறது. அறை வாடகைக்கு விடுகிற அம்மாள் எந்த நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறார் என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுத ஏதோ அகராதியில் ‘ஒஷ்பெதெய்ரா’ என்ற சொல்லைக் கண்டுபிடித்து, அதைப் போட்டு அவரை விளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அனுப்பாதீர்கள். ஏன் என்று பிறகு வருகிறேன்.

நான் லிஸ்பனில் பன்னிரண்டு ஆண்டு இருந்தேன். முதல் நான்கு ஆண்டு ஒரு சின்ன விடுதியின் வரவேற்பு மேஜையில் வேலை, அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பு. ஆகவே என் காது லிஸ்பன் காது. பிரேசில் வழக்கு எனக்குக் கூட வேலை செய்தவர்கள் வழியாகவும் வாசிப்பு வழியாகவும் வந்ததுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடுவோம், அது நமக்குக் கஷ்டமே இல்லை. ஆண்பால் ‘அன்ஃபித்ரியாவ்’, பெண்பால் ‘அன்ஃபித்ரியா’. இரண்டுமே மூக்கில் முடிகிற சொற்கள். பேச்சில் ‘வந்தான்’ என்று சொல்லும்போது கடைசி ன் வாயில் நிற்காமல் மூக்கில் கரைகிறதே, அதே ஒலிதான் பெண்பாலுக்கு. ஆண்பாலுக்கு அதே மூக்கொலியோடு உதட்டைக் குவித்து உகரத்துக்குப் போகவேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்து போர்த்துக்கீசியம் படிக்கிறவர்கள் பலர் மாதக்கணக்கில் திணறுகிற ஒலி இது. நாமோ ‘மரம்’, ‘படம்’ என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

செயலி ஏன் தொகுப்பாளினி என்றது? போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு அது நேராக வரவில்லை, நடுவில் ஆங்கிலத்தில் இறங்கி ஏறியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ட்’ என்ற ஒரே சொல் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுகிறவர், தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துகிறவர், ஒட்டுண்ணி குடியிருக்கிற உடம்பு, வலைத்தளத்தைத் தாங்குகிற கணினி, உலகக்கோப்பை நடத்துகிற நாடு, பெரும் படை, கத்தோலிக்கர் பூசையில் வாங்குகிற அப்பம் என்று எல்லாவற்றுக்கும் வேலை பார்க்கிறது. போர்த்துக்கீசியத்தில் இவை அநேகமாகத் தனித்தனிச் சொற்கள். நிகழ்ச்சி நடத்துகிறவர் ‘அப்ரெசெந்ததோர்’. படை என்றால் ‘ஓஷ்தி’. அப்பம் என்றால் ‘ஓஷ்தியா’. இந்தக் கடைசிச் சொல் நமக்குப் புதிதில்லை. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘ஓஸ்தி’ என்று சொல்லிவந்தது இதைத்தான். ஆக, ‘ஹோஸ்ட்’ வழியாகப் போனால் உங்கள் வீட்டுக்கார அம்மாள் தொகுப்பாளினி ஆனது நல்லவேளை என்றுகூடச் சொல்லலாம். ஒட்டுண்ணிக்கு இடம் கொடுத்தவராகவும் ஆகியிருப்பார்.

‘அன்ஃபித்ரியாவ்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பது, நான் வேலை பார்த்த நாட்களில் எனக்கு மிகவும் பிடித்த கதை. அது ஒரு மனிதனின் பெயர். கிரேக்கப் புராணத்தில் ஆம்பித்ரியோன் என்று ஒரு படைத்தலைவன். அவன் போருக்குப் போயிருக்கும்போது கடவுளரின் தலைவன் ஜீயஸ் அவன் உருவத்தையே எடுத்துக்கொண்டு அவன் மனைவி அல்க்மேனியிடம் வருகிறான். அதில் பிறந்தவன்தான் ஹெராக்ளிஸ். இதைக் கேட்டதும் நம் ஊர்க்காரர் யாரும் “அட, இது அகலிகை கதையாச்சே” என்பார்கள். இந்திரன் கௌதமர் உருவில் வந்த அதே கதைதான், சாபமும் கல்லும் மட்டும் இல்லை. கிரேக்கர்கள் அழுதிருக்கலாம், ரோமானியர்கள் சிரித்தார்கள். ப்ளாட்டஸ் லத்தீனில் இதை நகைச்சுவை நாடகமாக்கினார். வீட்டு வாசலில் ஒரே முகத்தோடு இரண்டு எஜமானர்கள், ஒரே முகத்தோடு இரண்டு வேலைக்காரர்கள்.

1668ல் பிரான்சில் மோலியர் அதே கதையை எடுத்துக்கொண்டார். அவர் நாடகத்தில், மாறுவேடத்தில் இருக்கும் கடவுள் படை அதிகாரிகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறான். எது அசல் எது போலி என்று எல்லாரும் குழம்பி நிற்கும்போது வேலைக்காரன் சோசி தீர்ப்புச் சொல்கிறான்: யார் வீட்டில் சாப்பாடு கிடைக்கிறதோ அவன்தான் உண்மையான ஆம்பித்ரியோன். பசித்தவனின் தர்க்கம். அதற்குப் பிறகு பிரெஞ்சில் அந்தப் பெயர் மெல்ல மெல்லப் பொதுச்சொல்லாகி, சாப்பிட அழைக்கிறவரைக் குறிக்க ஆரம்பித்தது. 1808ல் பாரிஸில் க்ரிமோ த லா ரெய்னியேர் விருந்து வைப்பவர்களுக்கென்று ஒரு கையேடு எழுதி வெளியிட்டபோது அதன் தலைப்பிலேயே இந்தச் சொல்லைப் பன்மையில் போட்டார். அப்போதே அது ஊர் அறிந்த சொல் ஆகிவிட்டது என்று அர்த்தம். போர்த்துக்கீசியத்துக்கும் ஸ்பானியத்துக்கும் இந்தப் பொருள் பிரெஞ்சிலிருந்துதான் போனது.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லவேண்டும். சொல் ஆள்பெயரிலிருந்து வந்தது என்பதும், பொருள் பிரெஞ்சு நாடக மேடை வழியாக வந்தது என்பதும் உறுதி. போர்த்துக்கீசியர்களுக்கு அந்தப் பெயர் அதற்கு முன்பே நன்றாகத் தெரியும். அவர்களுடைய மகாகவி கமோய்ஷ் இதே கதையை நாடகமாக எழுதியிருக்கிறார், அது 1587ல் அச்சேறியது. 1736ல் அந்தோனியு ஜோசே த சில்வா லிஸ்பனில் இதையே பொம்மலாட்ட நாடகமாகப் போட்டார். அவரை மூன்றே ஆண்டில் மத விசாரணை மன்றம் கொன்றது, அது தனிக் கதை. இந்த இரண்டிலும் அது வெறும் ஆள்பெயர்தான், விருந்து கொடுப்பவர் என்ற பொருள் கிடையாது. எனக்குச் சந்தேகம் உள்ள இடம், மோலியரின் அந்த ஒரே வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது. மோலியருக்குச் சுமார் முப்பது ஆண்டு முன்பே ரோத்ரூ என்பவர் எழுதிய நாடகத்தில், சாப்பாடு இல்லாத இடத்தில் ஆம்பித்ரியோனும் இல்லை என்ற பொருளில் இதே கேலி இருக்கிறது. ஒரு நல்ல நகைச்சுவை வரி பல மேடைகளில் புழங்கிப் பழமொழி ஆனது என்று நினைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கூடவே ஒரு கொசுறு. அந்த வேலைக்காரன் சோசியின் பெயரும் போர்த்துக்கீசியத்தில் பொதுச்சொல் ஆகிவிட்டது. அச்சு அசலாக இன்னொருவரைப் போல இருப்பவரை ‘சோஸியா’ என்பார்கள். எம்.ஜி.ஆர். மாதிரி வேடம் போட்டு மேடையில் ஆடுகிறவரை அங்கே அப்படித்தான் அழைக்கவேண்டும். எஜமான், வேலைக்காரன் இரண்டு பேரும் ஒரே நாடகத்திலிருந்து கிளம்பி அகராதியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தப் பழங்கதை உங்களுக்கு எதற்கு என்றால், சொல்லின் இன்றைய வாசனையும் அதில்தான் இருக்கிறது. ‘அன்ஃபித்ரியாவ்’ சாப்பாட்டு மேஜையில் பிறந்த சொல். படுக்கைக்கு இடம் கொடுப்பது வேறு குடும்பத்துச் சொல், அது ‘ஒஷ்பெதார்’ என்ற வினை. இதில் எழுத்தில் முதலில் இருக்கும் ஹ ஒலிக்காது. ஒருவரை ராத்தங்க வைத்தால் ஒஷ்பெதார். தங்குகிறவர் ‘ஓஷ்பெத’, பிரேசில்காரர் வாயில் ‘ஓஸ்பெஜி’. வீட்டில் விருந்தினர் அறைக்கு ‘ஓஷ்பெதகளின் அறை’ என்றே பெயர். சாப்பிட்டுவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் கிளம்பிப் போகிறவர் ஓஷ்பெத இல்லை. அவர் ‘கொங்விதாது’, அழைக்கப்பட்டவர். அழைக்காமலே எட்டிப் பார்க்க வந்தவர் ‘விஸீத்தா’. இந்த விஸீத்தா எப்போதும் பெண்பால் சொல், வந்தவர் தாடி வைத்த மாமாவாக இருந்தாலும். உட்கார்ந்த சூட்டோடு எழுந்துவிடுகிறவர் ‘டாக்டர் விஸீத்தா’ போட்டுவிட்டுப் போனார் என்பார்கள். நாம் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வந்தீர்களா என்று கேட்போமே, அதே குறைதான்.

இந்த வேறுபாடு எவ்வளவு உறுதியானது என்று பழமொழியில் தெரியும். மீனும் ஓஷ்பெதயும் மூன்றாம் நாள் நாறும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த பழமொழி. நம்முடைய ‘விருந்தும் மருந்தும் மூன்று நாள்’ இதைவிட நாகரிகமாகச் சொல்கிறது, ஆனால் கணக்கு ஒன்றுதான். கவனியுங்கள், அங்கே நாறுகிறவர் ஓஷ்பெத, கொங்விதாது இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டவர் எப்படி நாறுவார்?

‘ஓஷ்பெத’ என்ற சொல்லில் ஒரு பழைய முடிச்சு உண்டு. அதன் லத்தீன் மூலம் ‘ஹோஸ்பெஸ்’. அது தங்க வந்தவரையும் குறித்தது, தங்க வைத்தவரையும் குறித்தது. போர்த்துக்கீசியத்திலும் பழைய நூல்களில் இடம் கொடுத்தவரை ஓஷ்பெத என்று எழுதியிருப்பார்கள், பெரிய அகராதிகள் அந்தப் பொருளை இன்னும் வைத்திருக்கின்றன. இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஒரே சொல் இரண்டு பக்கமும் நின்றால் விடுதியில் கணக்கு எழுத முடியாதே. கொடுக்கிற பக்கத்துக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது, அந்த இடத்தில்தான் பிரெஞ்சிலிருந்து வந்த அன்ஃபித்ரியாவ் பாயை விரித்துக்கொண்டது என்பது என் அனுமானம், அனுமானமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அன்னியன், எதிரி என்ற பொருளுள்ள லத்தீன் ‘ஹோஸ்திஸ்’ இதற்கு உறவு என்பதைச் சொல்லாய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். மேலே சொன்ன படை என்ற சொல் அந்தப் பக்கத்து வாரிசு. விருந்தாளி பக்கத்து வாரிசுகளில் ஒன்று ஹோட்டல். தங்குவதற்கான அந்தச் சொல்லை நம் ஊரில் சாப்பிடுவதற்கான இடமாக மாற்றிவிட்டோம். ஹோட்டலுக்குப் போகலாம் என்றால் நமக்குத் தோசைதான் ஞாபகம் வரும், கட்டில் இல்லை.

ஓஷ்பெதவுக்கு இன்னொரு அழகான பயன்பாடு எழுத்துநடையில் உண்டு. ஒரு துறையில் ஒருவருக்குப் பழக்கமில்லை என்றால் ‘அவர் அந்த விஷயத்தில் ஓஷ்பெத’ என்பார்கள். வந்து தங்கியவருக்கு எந்தப் பானையில் உப்பு இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இப்போது உங்கள் ‘ஒஷ்பெதெய்ரா’. இலக்கணப்படி பார்த்தால் இடம் கொடுக்கிற பெண் என்று பொருள் வரும், அகராதியும் அப்படித்தான் சொல்லியிருக்கும். ஆனால் புழக்கம் வேறு. ஆண்பால் வடிவமான ‘ஒஷ்பெதெய்ரு’ இன்று பெரும்பாலும் உயிரியல் பாடத்தில் இருக்கிறது, மலேரியாக் கிருமிக்கு இடம் கொடுக்கிற உடல். பெண்பால் வடிவம் போர்த்துகலில் விமானப் பணிப்பெண்ணைக் குறித்த சொல். இப்போது அங்கே விமானத்தில் ‘உதவியாளர்’ என்ற பொருள்படும் பொதுச்சொல் வந்துவிட்டாலும், வயதானவர்கள் வாயில் பழையதுதான். ஆக நீங்கள் அந்த அம்மாளுக்கு அப்படி எழுதினால், அவர் உங்களுக்குத் தட்டில் ஜூஸ் கொண்டுவரவேண்டும், இல்லாவிட்டால் உங்களைக் கிருமியாக நினைக்கவேண்டும். கோபிக்க மாட்டார், போர்த்தோக்காரர்கள் சிரிக்கத் தெரிந்தவர்கள். ஆனாலும் முதல் கடிதத்தில் வேண்டாமே. தமிழிலும் இதே பிரிவு இருப்பதைப் பாருங்கள். ஓம்புதல் என்ற ஒரே வேரிலிருந்து விருந்தோம்பலும் வருகிறது, பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்து ‘ஓம்புயிரி’யும் வருகிறது. உங்களை விருந்துக்கு அழைத்த பெரியம்மாவை ஓம்புயிரியே என்று கூப்பிடுவீர்களா?

அப்படியானால் வீடுகளில் நிஜமாக எந்தச் சொல் புழங்குகிறது? இதுதான் நீங்கள் கேட்காமல் விட்ட, ஆனால் தெரிந்துகொள்ளவேண்டிய பகுதி. அன்ஃபித்ரியாவ் கொஞ்சம் கஞ்சி போட்ட சொல். அழைப்பிதழில் வரும், மேயர் பேச்சில் வரும், 2004 ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின்போது போர்த்துகல் ‘அன்ஃபித்ரியாவ் நாடு’ என்று பத்திரிகைகள் எழுதின, ஜூம் கூட்டத்தில் கூட்டம் நடத்துபவருக்கு அந்தப் பட்டம்தான் திரையில் தெரியும், ஏர்பிஎன்பி வந்த பிறகு வீட்டுக்காரர்கள் எல்லாரும் அன்ஃபித்ரியாவ் ஆகிவிட்டார்கள். ஆனால் எந்தப் பாட்டியும் ‘நான் இன்று அன்ஃபித்ரியா’ என்று சொல்லிக் கேட்டதில்லை. அவர்கள் சொல்வது ‘ரெசெபேர்’, பெறுதல். சம்பளம் வாங்கினாலும் ரெசெபேர், கடிதம் வந்தாலும் ரெசெபேர், வீட்டுக்கு ஆள் வந்தாலும் ரெசெபேர். ‘அவளுக்கு நன்றாகப் பெறத் தெரியும்’ என்றால் அவள் வீட்டுக்குப் போனால் முகம் சுளிக்காமல் உபசரிப்பாள் என்று பொருள். ஒரு பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்கிற பெரிய பாராட்டுகளில் இதுவும் ஒன்று. தமிழில் நாம் விருந்து கொடுக்கிறோம், வைக்கிறோம், போடுகிறோம். எல்லாம் கை கீழ்நோக்கிப் போகிற வினைகள். அங்கே வினை வாங்கிக்கொள்கிறது. இதிலிருந்து இரண்டு பண்பாடுகளைப் பற்றிப் பெரிய முடிவுக்கு வரவேண்டாம், சொல் பழக்கம் அவ்வளவுதான். ஆனால் மொழிபெயர்க்கும்போது நான் பலமுறை தடுக்கி விழுந்த இடம் இது.

தடுக்கி விழுந்தது என்றதும் ஞாபகம் வருகிறது. விடுதி வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம். பின்கட்டில் ஊழியர்கள் சாப்பிடுகிற சின்ன அறை. இரவுக் காவலர், அறுபது வயதுக்காரர், டப்பாவைத் திறந்தார். வறுத்த கருவாட்டுக் கண்டம், அவித்த உருளைக்கிழங்கு, மேலே ஆலிவ் எண்ணெய், நறுக்கிய பூண்டு. நான் தண்ணீர் பிடிக்க உள்ளே நுழைந்தேன். முட்கரண்டியைக் கையில் எடுத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து “எ செர்வீது?” என்றார். பரிமாறப்பட்டீர்களா என்று சொல்லுக்குச் சொல் அர்த்தம். நான் ஆசையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மனுஷர் ஒரு நொடி திகைத்தார். பிறகு எழுந்துபோய் இன்னொரு தட்டு எடுத்துவந்து பாதியை எனக்கு வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமையல்கட்டுப் பெண்மணிதான் சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார்: அது அழைப்பு இல்லை, மரியாதை. சாப்பிடப் போகிறவர் அருகில் வருகிற யாரிடமும் அப்படிக் கேட்டாகவேண்டும். கேட்கப்பட்டவர் ‘வேண்டாம், நன்றி, நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்று சொல்லி நகர்ந்தாகவேண்டும். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு நம்மைப் பார்த்து ‘சாப்பிடறீங்களா?’ என்று கேட்பாரே, அதுதான். நாம் ‘இல்லீங்க, இப்பத்தான் ஆச்சு’ என்று பொய் சொல்வோமே, அதுவும் அதேதான். தமிழ்நாட்டில் சரியாகச் சொல்லத் தெரிந்த பதில் எனக்கு லிஸ்பனில் வராமல் போனது, மொழி மாறியதும் மூளை மரியாதையை மறந்து சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டதால். பிரேசிலில் இதையே ‘ஸ்தா செர்வீது?’ என்பார்கள் என்று அங்கிருந்து வந்த சகா சொன்னார். பதிலும் அங்கே அதே மறுப்புதான்.

வீட்டு உரிமையைச் சொல்ல இன்னொரு ஜோடியும் உண்டு, அதிலும் ஒரு எழுத்தில் கால் வழுக்கும். ‘தோனா தா காஸா’ என்றால் அந்த வீட்டின் எஜமானி, விருந்தன்று உபசரிக்கிறவர் அவர்தான். ‘தோனா தி காஸா’ என்றால் வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தரசி. விருந்துக்கு அழைத்த பெண் மருத்துவரை நன்றியுரையில் இரண்டாவதாகச் சொல்லி அழைத்தவரை எனக்குத் தெரியும். நம் வீட்டுக்காரர் என்ற சொல்லை நினைத்தால் இது பரவாயில்லை. வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர், தாலி கட்டியவரும் வீட்டுக்காரர். வெளியூர்க்காரர் தமிழ் படித்தால் என்ன பாடு படுவார்!

பிரேசிலையும் போர்த்துகலையும் பொறுத்தவரை, அன்ஃபித்ரியாவ் என்ற சொல்லின் பொருளில் மாற்றம் இல்லை, பக்கத்துச் சொற்களில்தான் உண்டு. வலைத்தளத்துக்கு இடம் கொடுப்பதைப் பிரேசிலில் ‘ஓஸ்பெதாஜெய்ங்’ என்றும், போர்த்துகலில் ‘அலுஜமெந்து’ என்றும் சொல்வார்கள். கால்பந்தில் சொந்த மைதானத்தில் ஆடுகிற அணி பிரேசிலில் ‘மந்தாஞ்சி’, அதாவது ஆணையிடுபவர். போர்த்துகலில் ‘விஸிதாது’, அதாவது யாரிடம் வந்திருக்கிறார்களோ அவர். நடத்துகிற நகரத்துக்குப் பிரேசிலில் ‘செஜி’, அதாவது இருக்கை, என்ற சொல்லும் ஓடுகிறது. 2016ல் ரியோ ஒலிம்பிக் சமயத்தில் இதுதான் பத்திரிகைகளில் நிறைய வந்தது. உங்களுக்குப் போர்த்துகல் வழக்கு போதும்.

தமிழில் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே சொல் தேடாதீர்கள். நாடு, நகரம், கூட்டம் என்றால் ‘நடத்தும்’ என்று வினையாக்கிவிடுங்கள். சாப்பாட்டு விருந்து என்றால் ‘விருந்து வைப்பவர்’. உங்களுக்கு வந்த மின்னஞ்சலில் ‘உங்களை வரவேற்று வீட்டில் கவனித்துக்கொள்வது நான்தான்’ என்பதுதான் அந்த அம்மாள் சொல்லவந்தது. ‘புரவலர்’ என்று சில மொழிபெயர்ப்புகளில் வருகிறது. பரிசில் வாங்கிப் பாடப் போகிறவருக்குத்தான் அது பொருந்தும், வாடகை கொடுத்துத் தங்கப் போகிறவருக்கு இல்லை. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். விருந்தாளிக்கு ஒதுக்குகிற அறையில் சுற்றிப் பார்த்தால் நம்மிடம் பாதி போர்த்துக்கீசியம்: சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, துவாலை. யாழ்ப்பாணம் போனால் கதிரையும் குசினியும் காலையில் பாணும் சேர்ந்துகொள்ளும். சாமான்களின் பெயர் இவ்வளவு வந்தும் வந்தவர், வைப்பவர் என்ற உறவுக்கு அவர்களிடமிருந்து ஒரு சொல்கூட நாம் வாங்கிக்கொள்ளவில்லை. விருந்து, விருந்தாளி எல்லாம் இங்கே ஏற்கெனவே இருந்தன. அதிலும் விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை, புதிதாக வந்தவர் என்றுதான் பொருள், சோறு இல்லை. ஆளிலிருந்து இலைக்கு அந்தச் சொல் இறங்கிவிட்டது. அன்ஃபித்ரியாவ் அதற்கு நேர்மாறாக, சாப்பாட்டிலிருந்து ஆளுக்கு ஏறியது.

கடைசியாக, சொல்லோடு நில்லாத ஒரு விஷயம். நான் வழக்கறிஞன் இல்லை, ஆனாலும் விடுதியில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். மாணவருக்கு ஆறு மாதம் அறை தருகிறவரைப் போர்த்துகலில் முறையாகக் குறிக்கும் சொல் அன்ஃபித்ரியா இல்லை, ‘சிஞூரியா’. ஆணாக இருந்தால் ‘சிஞூரியூ’. நீங்கள் ‘இங்கிலீனு’, பெண்ணாக இருந்தால் ‘இங்கிலீனா’. உங்களுக்குள் இருக்கும் தாள் ‘அரெந்தமெந்து’, வாடகை ஒப்பந்தம். அது வரித்துறையில் தெரிவிக்கப்பட்டு மாதாமாதம் ரசீது வரும். அன்ஃபித்ரியா, ஓஷ்பெத என்ற ஜோடி வருவது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில நாள் விடுகிற வீடுகளில். அதற்கு ‘அலுஜமெந்து லுக்கால்’ என்று பெயர், 2014ல் தனிச் சட்டமே போட்டார்கள். அதில் நீங்கள் குடியிருப்பவர் இல்லை, தங்கிப்போகிறவர். குடியிருப்பவருக்கான உரிமைகள் அதில் வராது. அந்த அம்மாள் வெறும் அன்பினால் அன்ஃபித்ரியா என்று எழுதியிருக்கலாம், செயலியில் விளம்பரம் போட்டுப் பழகிய வாயாகவும் இருக்கலாம். ஆகவே பணம் அனுப்பும் முன், தாளின் தலைப்பில் ‘அரெந்தமெந்து’, ‘அலுஜமெந்து லுக்கால்’ இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். விசாவுக்கும் அது கேட்கப்படும்.

பதிலில் அவரை எந்தப் பட்டமும் சொல்லி விளிக்கவேண்டாம். ‘தோனா’ என்று போட்டு அவருடைய முதல் பெயர், அது நம் அம்மா போட்டுக் கூப்பிடுவது மாதிரி, மரியாதைக்கு மரியாதை, நெருக்கத்துக்கு நெருக்கம். பிறகு ஒரே ஒரு வரி: “முயிந்து ஒப்ரிகாதா பொர் மி ரெசெபேர்.” என்னைப் பெற்றுக்கொள்வதற்கு மிக்க நன்றி. நீங்கள் ஆணாக இருந்தால் ‘ஒப்ரிகாது’. படுக்கை விரிப்பும் குளிக்கிற துண்டும் அவர் தருவாரா, நீங்கள் கொண்டுபோகவேண்டுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் அது வாடகையில் சேராது. துண்டுக்கு அகராதி தேடவேண்டாம், ‘துவால்யா’ என்று எழுதினால் அவருக்குப் புரியும்.